ஒரே மின்னல்

இடி இடித்தால் அந்தத் தெருவில் எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள். இடிதாங்கி மட்டும் மொட்டைமாடிக்கு ஓடுவார். ஒரு கையில் முக்காலி ஸ்டாண்டு, மறு கையில் கேமரா, தலையில் பிளாஸ்டிக் பை, வாயில் டார்ச். அந்தக் கோலத்தில் அவர் படியேறுவதைப் பார்த்த ஒரு பூனை, வந்துகொண்டிருந்த பிரசவ வலியையே ஒத்திப்போட்டது என்று சொல்வார்கள். பூனையிடம் விசாரிக்க வழியில்லை. ஆனால் அந்த வருஷம் தெருவில் குட்டிகள் தாமதமாகத்தான் பிறந்தன.

பட்டப்பெயர் வைத்தது அவர் மனைவி. "இத்தனை வருஷமா நான் போடற இடியைத் தாங்கிட்டு அப்படியே நிக்கிறாரே, வானத்து இடி இவரை என்ன பண்ணிடும்?" என்று ஒருநாள் அவருடைய போட்டோ ஸ்டுடியோவில் வைத்துச் சொன்னாள். பக்கத்துக் கடைத் தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். மறுநாள் காலைக்குள் பெயர் தெருமுனை டீக்கடை வரை போய், குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டது.

பகலில் அவருக்கு பாஸ்போர்ட் படம் எடுக்கும் வேலை. காது தெரியணும், பல் தெரியக்கூடாது, கண் சிமிட்டக்கூடாது. இருபத்திரண்டு வருஷமாக ஊரில் பாதிப் பேரைத் தேடப்படும் குற்றவாளிபோல் ஆக்கிக் கொடுத்தவர். "இதை யாருய்யா எடுத்தது?" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு, அவர்கள் பாராட்ட வந்தவர்கள் இல்லை. ஒரு படத்தின் கீழேயாவது தன் பெயர் அச்சில் வர வேண்டும் என்று ஏங்கினார். சோற்றுக்குப் பசிப்பது மாதிரி அவருக்கு அதற்குப் பசித்தது.

மின்னலைப் படம் பிடிப்பது, பாம்புப் புற்றின் வாயில் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போன்ற வேலை. பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் வெறும் இருட்டுதான் மிஞ்சும். முன்னாலேயே கேமராவின் கண்ணைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருட்டில் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஒன்றும் பதியாது. மின்னல் வெட்டுகிற நொடியில் எது எங்கே நின்றதோ அது மட்டும் பதியும். உடனே மூடிவிட வேண்டும். மூடாமல் இருந்து இரண்டாவது மின்னலும் வெட்டினால், அதுவும் அதே படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதற்காகவே சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் திறந்தது எப்போது, எத்தனை மின்னல், மூடியது எப்போது என்று டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுவார்.

அவர் மாடியில் மூன்று பக்கமும் உயரக் கட்டடங்கள். வானம் தெரிவது எதிர்ப்புறம் மட்டும்தான். எதிர்ப்புறத்தில் அவர் தங்கையின் வீடு.

இன்வெர்ட்டர் விற்கிற கம்பெனி ஒன்று அந்த வருஷம் மின்னல் படப் போட்டி வைத்தது. பன்னிரண்டு படம் தேர்ந்தெடுத்து, எடுத்தவர் பெயரோடு காலண்டர் போடப்போகிறார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு படத்தில் ஒரே மின்னல். ஒட்டுவேலை, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றுகிற வேலை எதுவும் கூடாது. அப்படி இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்த வாரமே ஒரு புயல் மழை வந்தது. அன்றைய காற்றில் ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்து, மூன்றாம் தெருவில் மூடி இல்லாமல் கிடந்த ஒரு தொட்டியின் மேல் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இரண்டு குடும்பமும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. இடிதாங்கி பதினாறு படம் எடுத்தார்; பதினாறும் சொத்தை. பதினேழாவதற்குக் கண்ணைத் திறந்தார். எதிரே வானத்தில் இடதுபக்கம் ஒரு மின்னல், வேர்விட்ட மாதிரி இறங்கியது. உடனே மூடியிருக்க வேண்டும். தும்மல் வந்துவிட்டது. கேமரா ஆடிவிடுமே என்று பயந்து இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, முக்கால் நிமிஷம் அந்தத் தும்மலோடு மல்லுக்கட்டினார். தும்மல் தோற்றுப் போகிற நேரத்தில் வலதுபக்கம் இன்னொரு மின்னல் விழுந்தது. நோட்டில் எழுதினார்: 'படம் பதினேழு. திறந்தது. ஒன்று. தும்மல். இரண்டு. மூடியது.'

படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இரண்டு மின்னலும் மேலே ஒரே மேகத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரே மரம் இரண்டு கிளை விட்ட மாதிரி நின்றன. அடியில், எதிர்வீட்டு மாடியில் நகக்கண் அளவுக்கு ஏதோ மனித உருவம். 'கீழே ஆள் இருந்தால்தான் வானம் பெரிசாத் தெரியும்' என்று மகிழ்ந்துகொண்டார். அது யார் என்று பார்க்கத் தோன்றவில்லை. 'ஒரே மின்னல்' என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஜூன் மாதத்துக்கு அந்தப் படம் தேர்வானது.

காலண்டர் அச்சானது அவர் தங்கையின் புருஷன் வேலை செய்கிற அச்சகத்தில். அவர் இரவு ஷிஃப்ட் மெஷின்காரர். அதிகம் பேசாத மனிதர். நான்கு வண்ணமும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் விழுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. ஜூன் மாதத் தாள் வந்தபோது கீழ் ஓரத்தில் உருவம் இரட்டையாகத் தெரிந்தது. 'ரிஜிஸ்டர் விலகிப் போச்சு' என்று மெஷினைத் திருத்தினார். மறுபடி இரட்டை. பிளேட்டை இறுக்கினார். மறுபடி இரட்டை. ஒரு மணி நேரம் அந்தக் கோளாறோடு போராடிவிட்டு, கடைசியில் தாளை விளக்கடியில் விரித்து லென்ஸை வைத்துக் குனிந்தார்.

நீலக் கோடு போட்ட போர்வை. அவரே வாங்கி வந்த போர்வை. அதைக் கொடியிலிருந்து உருவுகிறவள் வாயில் இரண்டு துணிக் கிளிப். அப்படி வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு துணி எடுக்கிற ஒரே ஒருத்தியை அவருக்குத் தெரியும். அவள் தோளைச் சுற்றி ஒரு ஆணின் கை. அந்தக் கையின் மேலே, தோளில் மாட்டிய கேபிள் வளையம். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருக்கிற கேபிள்காரர். இரண்டு முகமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. கீழே கம்பெனி கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'இருட்டிலும் இணைந்திருப்போம்.'

மெஷினை நிறுத்தச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. விடியும் வரை நின்று, தன் பெண்டாட்டியைப் பன்னிரண்டாயிரம் தடவை அச்சடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"அன்னைக்குப் புயல்ல மாடியில யாரு இருந்தது?"

"நான்தான். துணி எடுக்கப் போனேன்."

"கூட?"

"போர்வை."

"போர்வைக்குக் கை இருக்குமா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தாளை விரித்துக் காட்டினார். அதற்கும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி அவர் இடுப்பிலேயே வேலைக்குப் போய் வந்தது. வீட்டுக்குள் அவர் நடக்கும்போது அவள் இருக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார், தரையில் சிந்திய எண்ணெயைச் சுற்றி நடப்பது மாதிரி.

தங்கை தாளை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். இடிதாங்கி அதை ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. முதல் மின்னலில் தங்கை கொடியடியில் நின்றிருக்கிறாள். அவள் துணியை வாரிக்கொண்டு கீழே போன பிறகு, கேபிள்காரர் கட்டைச்சுவரைத் தாண்டி வந்து, கொடிக்கம்பத்தில் இருக்கிற கேபிள் பெட்டியை மூடக் கை நீட்டியிருக்கிறார். அப்போது இரண்டாவது மின்னல். நடுவே முக்கால் நிமிஷம். முக்கால் நிமிஷத் தும்மல்.

"நானும் அவரும் ஒரே நேரத்துல அங்க இல்லவே இல்ல அண்ணா. நீ சொன்னா அவர் நம்புவாரு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"தெரியும்மா. இன்னும் பத்து நாள்ல காலண்டர் வெளியீட்டு விழா. மேடையில கூப்பிடறாங்க. முடியட்டும், நானே வந்து பொறுமையா எடுத்துச் சொல்றேன்."

"பத்து நாள் மாடிக்குப் போகாம இருந்துடுவேன். பத்து நாளும் ஈரத் துணியை வீட்டுக்குள்ளயே காய வெச்சுக்குவேன். அவர் என் முகத்தைப் பாக்காம இருக்காரே, அதை எங்க போட்டுக் காய வெக்கிறது?"

இடிதாங்கி மேஜை மேலிருந்த பாஸ்போர்ட் படங்களை வரிசையாக வெட்ட ஆரம்பித்தார். அவள் தாளைச் சுருட்டிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி அன்று போட்ட இடியில், மேஜையிலிருந்த நான்கு பாஸ்போர்ட் படங்கள் கண்ணை மூடிக்கொண்டனவாம். "வானத்தைப் பாத்தது போதும், தங்கச்சி மூஞ்சியைப் பாருங்க. வாயால சொல்ல முடியலைன்னா அவ புருஷனுக்குச் செஞ்சு காட்டுங்க. இங்கயே விளக்கை அணைச்சுட்டு, ஃபிளாஷை மின்னல் மாதிரி ரெண்டு தடவை அடிங்க. நானே வந்து நிக்கிறேன். பக்கத்துல தையல்காரரைக் கூப்பிட்டுக்கலாம்."

இடிதாங்கிக்கு அந்த யோசனை பிடித்துப் போயிற்று. இப்படி ஒரு விஷயம் நடக்க முடியும் என்று மாப்பிள்ளை தெரிந்துகொள்வார்; தன் படத்தில் நடந்தது என்று சொல்லவும் வேண்டியிருக்காது. இரண்டு பக்கமும் நனையாமல் ஆற்றைக் கடந்துவிடலாம் என்று நினைத்தார்.

வாராந்திர விடுமுறை மதியம் ஷட்டரை இறக்கினார்கள். உள்ளே கும்மிருட்டு. மாப்பிள்ளை ஒரு ஓரமாக நின்றார். கேமராவின் கண்ணைத் திறந்தார் இடிதாங்கி. மனைவி ஸ்டூல் பக்கத்தில் நின்றாள். ஃபிளாஷ் அடித்தது. அவள் இருட்டில் தடவிக்கொண்டு நகர்ந்து, கால்விரலை எதிலோ இடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள். தையல்காரர் அதே இடத்துக்கு வந்து நின்றார். மறுபடி ஃபிளாஷ். இடிதாங்கி கேமராவின் கண்ணை மூடினார்.

அச்செடுத்துப் பார்த்தபோது, படத்தில் மனைவியின் தலை தையல்காரரின் தோளில் சாய்ந்திருந்தது. அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடா இரண்டு கழுத்தையும் சேர்த்து வளைத்திருந்தது.

தையல்காரர் கூச்சப்பட்டார். "அண்ணியோட நின்னா நான் ஒல்லியாத் தெரியறேனே!"

"உங்க தொந்தியை என் உடம்புக்குள்ள மறைச்சு வெச்சா ஏன் தெரியாது?" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் படத்தை வாங்கி, வழக்கம்போல் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இத்தனை நாள் பூட்டியிருந்த கதவு உள்ளே எங்கோ திறக்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து கேட்டார்:

"அப்போ காலண்டர் படத்துலயும் ரெண்டு மின்னலா மச்சான்?"

ஒரு வார்த்தை போதும். 'ஆமா.' நோட்டு சட்டைப்பையிலேயே இருந்தது. பதினேழாவது படத்தின் பக்கத்தைப் பிரித்துக் காட்டினால் அதுகூட வேண்டாம். ஆனால் இரண்டு மின்னல் என்று தெரிந்தால் காலண்டரில் பெயர் போட மாட்டார்கள். விழாவுக்கு மூன்று நாள்தான் பாக்கி. தையல்காரர் வேறு புதுச் சட்டை தைத்து முடித்துவிட்டார்.

"அதுல ஒண்ணுதான் மாப்பிள்ளை," என்றார் இடிதாங்கி. "நான் எடுக்கற படம் எல்லாமே ஒரே மின்னல்தான்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை லென்ஸை மடித்துப் பையில் போட்டார். "இந்தப் படத்தை நான் வெச்சுக்கட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டார். எடுத்துக்கொண்டு போனார்.

விழா நாள் காலை. இடிதாங்கி புதுச் சட்டையில் தலைவாரிக்கொண்டிருந்தார். கம்பெனியின் விற்பனை மேலாளர் அழைத்துப் போகக் கார் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கீழே தெருவில் சத்தம். ஸ்டுடியோ ஷட்டரில் ஆள் உயரத்துக்கு ஒரு போஸ்டர், நான்கு வண்ணத்தில், மயிரிழை பிசகாமல் அச்சடித்தது. தையல்காரரும் ஸ்டுடியோக்காரர் மனைவியும் ஒரே நாடாவுக்குள். கீழே கொட்டை எழுத்து: 'இதுவும் ஒரே மின்னல்தான்.'

தெரு அதை ரசித்துப் படித்தது. எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் இரண்டு தடவை ரசித்தார்கள். "பக்கத்துப் பக்கத்துக் கடை, அப்பவே நெனச்சேன்" என்றார் டீக்கடைக்காரர். அவர் வாழ்நாளில் அதற்குமுன் எதையும் நினைத்ததாகத் தகவல் இல்லை. தையல்காரரின் மனைவி கடைக்குள் போய்ப் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து நடுத்தெருவில் நின்றாள். யாரை வெட்டுவது என்று முடிவு செய்யாமல், இப்போதைக்குக் காற்றை வெட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரர் மெஷினுக்கடியில் போய்விட்டார். இடிதாங்கியின் மனைவி கூட்டத்துக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஊரையே இடித்துத் தள்ளுகிறவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. புருஷன் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"ஐயோ, அது நான் செஞ்ச வித்தைங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தார் இடிதாங்கி. "ரெண்டு ஃபிளாஷ்! ஒண்ணு இவளுக்கு, ஒண்ணு அவருக்கு. ரெண்டு பேரும் சேந்து நிக்கவே இல்ல!"

மாப்பிள்ளை இரவு ஷிஃப்ட் முடிந்த கண்களோடு, விரலில் மை காயாமல், ஷட்டரில் சாய்ந்து நின்றார்.

"உங்க படம் எல்லாமே ஒரே மின்னல்னு நீங்கதான சொன்னீங்க மச்சான்? கையெழுத்து வேற போட்டுக் கொடுத்திருக்கீங்களே."

"பொய் சொன்னேன்!" இடிதாங்கியின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. புதுச் சட்டைக்கும் அந்த நோட்டை மறக்காமல் மாற்றியிருந்தார். பக்கத்தைப் புரட்டி, ஊரே கேட்க வாசித்தார்: "படம் பதினேழு. திறந்தது. ஒன்று. தும்மல். இரண்டு. மூடியது. பாத்துக்கோங்க! காலண்டர்லயும் ரெண்டு மின்னல்தான்! முதல்ல என் தங்கச்சி, அவ கீழ போனப்புறம் கேபிள்காரர். முக்கால் நிமிஷ வித்தியாசம்!"

தையல்காரரின் மனைவி கத்தரிக்கோலைத் தாழ்த்தினாள். விற்பனை மேலாளர் காரில் ஏறி, ஒற்றை ஆளாகத் திரும்பிப் போனார்.

அப்போது எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து தங்கையின் குரல் வந்தது. அவள் கத்தவில்லை; நேரம் என்ன என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அண்ணா, நான் ஸ்டுடியோவுக்கு வந்து நின்னேனே, அன்னைக்கும் இந்த நோட்டு உன் பையிலதான இருந்துச்சு?"

இடிதாங்கி நோட்டைப் பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார். ஜன்னல் சாத்திக்கொண்டது.

கம்பெனி சிக்கனமான கம்பெனி. பன்னிரண்டாயிரம் காலண்டரைக் குப்பையில் போடவில்லை. படத்தை விட்டுவிட்டு, கீழே இருந்த பெயரின் மேல் மட்டும் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டச் சொன்னது. ஒட்டியது மாப்பிள்ளையின் ஷிஃப்ட்டில்தான். ஒரு துண்டுகூடக் கோணலாக இல்லை.

வீட்டில் மனைவி இடி போடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வைப்பாள், கல்லாவில் உட்காருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். தாங்குவதற்கு ஒன்றுமில்லாத வீட்டில் இடிதாங்கி, காது அடைத்தவர் மாதிரி நடமாடினார். எதிர்வீட்டில் மாப்பிள்ளை மாடிச் சாவியை இடுப்பிலிருந்து கழற்றித் தங்கையின் கையில் வைத்தார். "எனக்கு ஸ்டுடியோவுலயே புரிஞ்சு போச்சு. அவர் வாயால வரட்டும்னுதான்..." என்றார். அவள் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஜூன் வந்தது. மளிகைக் கடையில், சலூனில், பல் பிடுங்குகிற இடத்தில், எல்லாச் சுவரிலும் தங்கையும் கேபிள்காரரும் இருட்டிலும் இணைந்து தொங்கினார்கள். கதை தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு விரல் வைத்துக் காட்டினார்கள். இப்போது தெருவில் இடி இடித்தால் மாடியில் இருக்கிறவர்கள் விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடி வருகிறார்கள். மின்னலுக்குப் பயந்தவர்கள் குறைவு; யாரோடு சேர்த்து எடுத்துவிடுவாரோ என்ற பயம்தான். ஒரு வழுக்கைத் தலையர் தன் சொந்த மாமியாரோடு ஒரே மாடியில் நிற்க மறுத்துவிட்டார்.

பருவத்தின் முதல் புயல் அன்று இடிதாங்கி மறுபடி மாடிக்குப் போனார். எடுத்த படத்தை வாங்க இனி ஆள் கிடையாது. ஆனாலும் கால் போயிற்று. ஸ்டாண்டை விரித்தார், கண்ணைத் திறந்தார். மின்னல் வெட்டியது. எதிர்மாடியில் கொடிக்கம்பத்தடியில் தங்கை நின்றிருந்தாள். கையில் துணி இல்லை, வாயில் கிளிப் இல்லை. கேமராவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மின்னலுக்குப் பின் ஒன்பது எண்ணுவதற்குள் இடி வந்தது.

"கீழ போம்மா! பக்கத்துல வருது!"

அவள் நகரவில்லை. வானத்தில் வேறு பக்கம் கிடையாது. எங்கே திருப்பினாலும் கட்டடம். அடுத்த மின்னல். அதற்கடுத்தது. ஒரே படத்தில் ஐந்து மின்னல் விழுந்தபோதும் அவள் ஒருத்தியாகவே பதிந்தாள். பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிற மாதிரி, காது தெரிய, பல் தெரியாமல், கண் சிமிட்டாமல். அன்றிலிருந்து எந்தப் புயலும் அவள் இல்லாமல் அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த முதல் புயலில் கடைசியாகத் திறந்தபோது ஆறு எண்ணுவதற்குள் இடி வந்தது. பிறகு மூன்று. இடிதாங்கி கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பை நீட்டிக்கொண்டு கத்தினார்: "உன் கால்ல விழறேன்மா, கீழ போ!"

மழையினூடே அவள் குரல் தெளிவாக வந்தது.

"எடு அண்ணா. எத்தனைன்னு மட்டும் சரியா எழுதிக்கோ."

இரண்டு எண்ணுவதற்குள் இடி வந்தது. அவள் கம்பத்தடியிலேயே நின்றாள். கேமரா திறந்தபடியே இருந்தது. அதை மூட இவருக்குக் கை வரவில்லை.